நடுச்சுவர்

ரசமட்டத்தின் குமிழி இரண்டு கோடுகளுக்கும் சரியாக நடுவில் வந்து நின்றது.

அவன் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான். அப்போதும் நடுவில்தான் நின்றது. எழுந்து கூடத்தின் எதிர் மூலைக்குப் போய், முட்டி போட்டு, கைக்குட்டையால் கல் தரையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். ஜன்னலோரம் வைத்தான். மாடிப்படியின் அடியில் வைத்தான். எங்கே வைத்தாலும் அந்தப் பச்சைக் குமிழி கொஞ்சம் தயங்கிவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி நடுவில் போய் நின்றுகொண்டது.

நூற்று இருபது வருஷத்து வீடு. இப்படி இருக்கக் கூடாது.

பழைய கட்டடங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவன் தொழில். மண் இறங்கும், மரம் வளையும், ஒரு மூலை கொஞ்சம் அமுங்கும், அதற்கு ஏற்றாற்போல் இன்னொரு மூலை தூக்கிக்கொள்ளும். வயதான வீடு எதுவும் நேராக நிற்பதில்லை என்பது அவனுக்கு மனப்பாடம். எந்த வீட்டுக்குள் போனாலும் முதல் ஐந்து நிமிஷத்தில் எங்கேயாவது ஒரு விரிசலைக் கண்டுபிடித்துவிடுவான். அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே விரிசல்தான். தங்கையின் கல்யாணத்தன்று எல்லாரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவன் மட்டும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தத் தங்கைக்குத்தான் இந்த வீடு. மூன்று வருஷத்தில் நான்கு வீடுகளை அவள் ஆசைப்பட்டுப் பார்த்தாள். நான்கையும் அவன்தான் வேண்டாம் என்றான். ஒன்றில் அஸ்திவாரம் சரியில்லை, ஒன்றில் கூரை மரத்தில் செல்லரிப்பு, மற்ற இரண்டில் சொல்லவே வேண்டாம். இப்போது அவர்கள் இருப்பது சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிய ஒரு வாடகை வீடு. சுவரெல்லாம் ஓதம். அவளுடைய ஆறு வயது மகள், எல்லாருக்கும் அவள் வாண்டு, வாரத்தில் இரண்டு நாள் மூச்சு இழுத்துக்கொண்டு கிடப்பாள். காரில் வரும்போது தங்கை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "அண்ணா, இந்த தடவ குறை இருந்தா சின்னதா சொல்லு."

தரகர் வாசல் கேட்டைத் திறந்துவிட்டதோடு சரி, உள்ளே வரவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு எழுந்து நடக்க முடியாது, கதவு திறந்துதான் இருக்கும், நீங்களே போய்ப் பாருங்கள் என்றார். சொல்லும்போது அவர் வீட்டைப் பார்க்கவில்லை, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரம்மா கூடத்தின் சரி நடுவில், கைப்பிடி வைத்த ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். முகம் ஒடுங்கியிருந்தது. கழுத்தும் தோளும் மட்டும் அந்த முகத்துக்குச் சம்பந்தமில்லாமல், மூட்டை தூக்குகிறவர்களுக்கு இருப்பதுபோல் திரண்டு இறுகியிருந்தன. நாற்காலியைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்திலேயே எல்லாம் இருந்தன. தண்ணீர்ச் செம்பு, மூடி போட்ட ஒரு வாளி, மடித்த போர்வை, சாப்பிட்டுக் கவிழ்த்த தட்டு, வலித் தைலம் ஒரு பெரிய பாட்டில். அத்தனை பெரிய கூடத்தில் வேறு ஒரு சாமானும் கிடையாது. சுண்ணாம்பின் பழைய வாசனையும் தைலத்தின் காரமும் கலந்து நின்றன. பின்மதிய வெயில் உயரமான ஜன்னல்கள் வழியாகத் தரையில் நீளநீளமாக விழுந்திருந்தது. அந்த வெயிலில் ஒரு தூசி கூடப் பறக்கவில்லை.

தங்கையும் மாப்பிள்ளையும் கும்பிட்டுவிட்டு இரண்டு வார்த்தை பேசினார்கள். வீட்டுக்காரம்மா சிரித்தாள். தலையை மட்டும் அசைக்கவில்லை. மாடியில் நல்ல காற்று வரும், போய்ப் பாருங்கள் என்றாள்.

முதலில் எல்லாரும் மாடிக்குத்தான் போனார்கள். படிகள் ஒரு முனகல்கூட இல்லாமல் அவர்களை ஏற்றிவிட்டன. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. பழைய வீடு பேசிக்கொண்டேயிருக்கும். வெயில் ஏறினால் ஒரு சொடக்கு, இறங்கினால் ஒரு சொடக்கு, கால் வைத்தால் ஒரு புலம்பல். இந்த வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் அப்படி அமைதியாக இருந்தது.

மாடியில் இரண்டு பெரிய அறைகள். நடுவில் ஒரு சுவர். வாண்டு செருப்பை ஒரு மூலையில் உதறிவிட்டு வழவழப்பான மரத்தரையில் சறுக்க ஆரம்பித்துவிட்டாள். தங்கை கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இங்கே கட்டில், இங்கே படிக்கிற மேசை என்று அந்தரத்தில் கையால் கோடு போட்டாள். மூன்று வருஷத்தில் அவள் முகத்தில் அவன் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. இந்தச் சுவரை இடித்துவிட்டால் ஒரே பெரிய அறையாகிவிடுமே என்று மாப்பிள்ளை கேட்டார். அவன் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தான். திடமான, ஆழமான சத்தம். கதவுநிலையில் நாடாவைப் பிடித்து அளந்தான். பதினான்கு அங்குலம். மாடிப்படிச் சுவரிலிருந்து இது வரைக்கும் உள்ள தூரத்தையும் அளந்துகொண்டான். அண்ணாந்து பார்த்தான். கூரையின் பெரிய உத்தரங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து இந்தச் சுவரின் தலையில்தான் உட்கார்ந்திருந்தன.

"இதத் தொட்டா வீடே உங்க தலையில வந்துடும் மாப்பிள்ள" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் தனியாகக் கீழே இறங்கி வந்தான். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தது அதற்குப் பிறகுதான். குமிழி அவனைத் தொந்தரவு செய்தது என்றாலும், அதைவிடப் பெரிய ஒன்று கொஞ்சம் தாமதமாகவே அவன் மண்டையில் உறைத்தது. தரையிலிருந்து எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, சும்மா ஒரு முறை கூடத்தைச் சுற்றிப் பார்த்தபோது.

இங்கே சுவர் இல்லை.

மாடியில் பதினான்கு அங்குலச் செங்கல் சுவர். அதன் மேல் பாதிக் கூரை. அந்தச் சுவருக்குக் கீழே, இந்தக் கூடத்தில், இன்னொரு சுவர் இருந்தே ஆக வேண்டும். அல்லது தூண்கள். அல்லது தடிமனான ஒரு பீமாவது. கூடம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை திறந்து கிடந்தது. உட்கூரை வெள்ளைப் பூச்சோடு, ஒரு கோடு கூட இல்லாமல், சமமாக இருந்தது. மாடிப்படிச் சுவரிலிருந்து நாடாவைப் பிடித்து மேலே எடுத்த அளவைக் கீழேயும் அளந்தான். அளவு முடிந்த இடத்தில் வீட்டுக்காரம்மாவின் நாற்காலிக் கால் இருந்தது.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கேயோ இரும்பு பீம் ஒன்றைப் பூச்சுக்குள் மறைத்திருப்பார்கள் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காரிலிருந்து மடக்கு ஏணியை எடுத்து வந்தான். காந்தம் கட்டிய கோலை உட்கூரையில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இழுத்தான். காந்தம் எங்கேயும் ஒட்டவில்லை. ஏணியை நாற்காலிக்கு நான்கடி தள்ளி விரித்தபோது அதன் ஒரு கால் ஆடியது. குனிந்து பார்த்தான். கல்லில் ஒரு பள்ளம். பக்கத்தில் இன்னொன்று. ஒரு ஜாண் நீளம், உள்ளங்கை அகலம், தேய்ந்து தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தன. கொஞ்சம் தள்ளி அதே மாதிரி ஒரு ஜோடி. அதற்கும் தள்ளி இன்னொன்று. நடுவில் நாற்காலியைத் தாண்டி, அந்த முனைச் சுவர் வரை ஒரே நேர்கோட்டில் ஒன்பது ஜோடிகள். ஏதோ கனமான கட்டில்களோ பெட்டிகளோ இருந்திருக்கும் என்று நினைத்தான். கட்டில் கால் எதற்காக விரல் பக்கம் அகலமாகவும் குதிகால் பக்கம் ஆழமாகவும் தேய வேண்டும் என்று அவன் மேற்கொண்டு யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

மேலே கொஞ்சம் பூச்சைக் கொத்திப் பார்க்கலாமா என்று கேட்டான். சாதாரணமாக இதைக் கேட்டால் எந்த வீட்டுக்காரரும் முகம் சுளிப்பார்கள்.

"கொத்துங்க சார்" என்றாள் அவள். "நல்லா பாருங்க. இதுவரைக்கும் வந்தவங்க யாரும் மேல பாக்கல."

உளி வைத்து நான்கு தட்டு. காரை அடையாகப் பெயர்ந்து அவன் தோளில் விழுந்து உடைந்தது. டார்ச்சைப் பிடித்தான்.

இடப் பக்கத்திலிருந்து வந்த மரச்சட்டம் ஒன்று அந்தரத்தில் முடிந்திருந்தது. வலப் பக்கத்திலிருந்து வந்ததும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளிக்கு மேலே செங்கற்களின் அடிப்பாகம் தெரிந்தது. மாடிச் சுவரின் கடைசி வரிசை. கீழே ஒன்றும் இல்லை. கல்லில்லை, மரமில்லை, இரும்பில்லை. செங்கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே எஃகு அளவுகோலைச் செருகினான். அது எதையும் தொடாமல் போனது. பக்கவாட்டில் இழுத்தான். தடையில்லாமல் வந்தது.

நாற்பது டன். அவன் மனம் பழக்கத்தில் கணக்குப் போட்டுவிட்டது. சுவர், கூரையில் பாதி, மாடித்தரையில் பாதி. நாற்பது டன் எதன் மேலும் உட்காராமல் அவன் முகத்துக்கு ஒரு ஜாண் மேலே நின்றுகொண்டிருந்தது.

தயங்கித் தயங்கி இரண்டு விரலை நீட்டி ஒரு செங்கல்லைத் தொட்டான். அது துடித்துக்கொண்டிருந்தது. லாரி போனால் வருகிற அதிர்வு இல்லை. ரொம்ப நேரம் ஒரு கனத்தைத் தூக்கிப் பிடித்தவனின் கைச்சதை துடிக்குமே, அந்தத் துடிப்பு.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினான் என்று தெரியவில்லை. இறங்கிய பிறகும் ஏணியைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"இங்க ஒரு சுவர் இருந்திருக்கணும்மா."

"இருந்துச்சு. தாத்தா எடுத்துட்டார். நாலு பேர் வந்தா பிரமிக்கிற மாதிரி கூடம் வேணும்னு."

"அப்போ மேல இருக்கறத எது தாங்குது?"

மேலே வாண்டு ஓடும் சத்தம் கேட்டது. ஒரு அறையிலிருந்து கதவு வழியாக இன்னொரு அறைக்கு, மறுபடி இந்த அறைக்கு. அவள் ஒவ்வொரு முறை சுவரைக் கடக்கும்போதும் வீட்டுக்காரம்மாவின் இமை லேசாக இறுகியதை அவன் பார்த்தான்.

அவள் மெல்லிய குரலில், அவசரமில்லாமல் சொல்ல ஆரம்பித்தாள். சுவரை எடுத்த அன்றைக்குக் கீழே நின்றவர்கள் ஒன்பது பேர். அவர்களில் யாரும் அதற்குப் பிறகு சேர்ந்தாற்போல் வெளியே போகவில்லை. அவர்கள் செத்துப் போனதும் வீட்டு ஆட்கள் நின்றார்கள். அவள் பிறந்தபோது ஏழு பேர் முறை வைத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வைத்துவிட்டு அத்தை பக்கத்தில் போய் நிற்பாளாம். ஏழு பேர் இருந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாதாம், தோளில் யாரோ கை போட்டிருப்பதுபோல்தான் இருக்குமாம். பிறகு ஐந்து, மூன்று. கடைசியில் அவளும் அவள் தம்பியும்.

"தம்பி போய் பதினோரு நாள் ஆச்சு. வெளியாளுங்க வந்து தூக்கிட்டுப் போனாங்க. நான் வாசல் வரைக்கும்கூட போகல."

இந்தப் பெண்ணுக்குப் புத்தி சரியில்லை என்று நினைக்க முயன்றான். முடியவில்லை. வேறு யாராக இருந்தாலும் முடிந்திருக்கும். அவன் விரலில் அந்தத் துடிப்பு இன்னும் இருந்தது.

எதுவாக இருந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மூன்று பேரையும் கீழே கொண்டு வந்து வெளியே தள்ள வேண்டும். அவன் மாடிப்படிப் பக்கம் திரும்பினான்.

"சார், நில்லுங்க."

அவன் நிற்கவில்லை.

பின்னால் நாற்காலி லேசாக அசைந்தது. அவ்வளவுதான். அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு அரை அங்குலம் எழும்பினாள். தலைக்கு மேலே எலும்பு முறிவதுபோல் ஒரு சத்தம். உட்கூரையின் வெள்ளைப் பூச்சில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மயிரிழையாக ஒரு கோடு ஓடியது. பிறந்ததிலிருந்து அவன் பார்த்த விரிசல்களில் அவ்வளவு வேகமாக ஓடிய விரிசல் இல்லை. வெயிலில் தூசி இறங்கியது. மேலே தங்கை, என்ன சத்தம் என்று கேட்பதும், வாண்டு, தரை ஆடுது தரை ஆடுது என்று சந்தோஷமாகக் கத்துவதும் கேட்டன.

அவன் இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருந்தான். "உக்காருங்க. உக்காருங்கம்மா."

அவள் உட்கார்ந்தாள். சத்தம் நின்றது.

"எத்தனையோ பேர் வீடு பாக்க வந்தாங்க" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை எடுக்கவில்லை. "அவங்ககிட்ட சொன்னா பைத்தியம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. உங்களுக்குத்தான் சொன்னா புரியும். இங்க வந்து நில்லுங்க. என் பக்கத்துல. நின்னுட்டு அப்புறம் அவங்கள கூப்பிடுங்க. நான் தடுக்கல."

அவன் மாடிப்படியைப் பார்த்தான். பன்னிரண்டு அடி. ஏறிப் போய், சொல்லி, நம்ப வைத்து, மூன்று பேரை இறக்க எவ்வளவு நேரம் ஆகும்? கத்திக் கூப்பிட்டால்? அவன் வாயைத் திறப்பதற்காகவே அவள் கைகள் கைப்பிடியில் காத்திருந்தன. பதினோரு நாள் தூங்காத கைகள். அவை நடுங்கத் தொடங்கியிருந்தன. அவள் மிரட்டவில்லை என்பதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. அவளால் இனி முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

போனான். நாற்காலிக்கு வலப்பக்கம் ஒரு ஜோடிப் பள்ளம் இருந்தது. காலணி அதற்குள் சரியாக உட்கார்ந்தது.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தோளில் யாரோ கை வைத்தார்கள்.

சின்னக் கனம். தெரிந்தவர்கள் பின்னால் வந்து கை போடுவதுபோல. அவன் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. கனம் கூடியது. இரண்டு தோளிலும். பிடரியிலும். பக்கத்தில் வீட்டுக்காரம்மா மூச்சை இழுத்தாள். அடிவயிற்றிலிருந்து, நீளமாக, தண்ணீருக்கடியிலிருந்து மேலே வந்தவள்போல.

"மன்னிச்சுக்கோங்கன்னு கேக்க மாட்டேன்" என்றாள்.

எழுந்து நின்றாள்.

அவன் முட்டி மடங்கியது. மடங்கிய அளவுக்கு மேலே உட்கூரை இறங்கியது. நிமிர்ந்தான். எப்படி நிமிர்ந்தான் என்று தெரியவில்லை. நிமிர்ந்தான். முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் இன்னொன்றின் மேல் உட்கார்ந்து நெரிந்தது. பற்கள் ஒன்றோடொன்று அழுந்தின. காதுக்குள் இரைச்சல். அவள் அந்த வரிசையை விட்டு ஒரு அடி எடுத்து வைத்தாள். இன்னொரு அடி.

கத்த வேண்டும். இதுதான் நேரம். அவன் வாயைத் திறந்தான்.

மூச்சு இல்லை.

நெஞ்சு விரியவே இல்லை. உதட்டு ஓரத்தில் கொஞ்சம் காற்று போய் வந்தது. குரலுக்கு அது போதாது. நின்றுவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள் என்று அவள் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள். பாதையில் போனாள். நடக்கத் தெரியாதவள்போல் காலை ரொம்ப உயரத் தூக்கித் தூக்கி வைத்தாள். கேட்டருகே தரகர் தன் கார்க் கதவைத் திறந்து வைத்திருந்தார். ஏறுவதற்கு முன் அவள் தலையை அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். கார் போய்விட்டது.

வெயில் தரையில் ஒரு கை அகலம் நகர்ந்தது.

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. தங்கைதான். மாடியிலிருந்து கூப்பிடுகிறாள். எப்போதும் அப்படித்தான், ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டே ஃபோன் செய்வாள். கையைத் தூக்க முயன்றான். விரல் நுனி அசைந்தது. ஃபோன் நெஞ்சில் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. "உன் அண்ணன் மும்முரமா இருக்கார், விடு" என்று மாப்பிள்ளை சொல்வது கேட்டது. பிறகு இரண்டு பேரும் தாங்கள் கொண்டு வந்த நாடாவைப் பிடித்து எதையோ அளக்கும் சத்தம். கட்டில் இடம்தான். ஐந்தடி, ஐந்தடி இரண்டு. தங்கை சிரித்தாள். அவள் நடக்கும் ஒவ்வொரு அடியும் அவன் கழுத்தில் விழுந்தது. அவள் எங்கே நிற்கிறாள், எந்தக் காலில் நிற்கிறாள் என்பது வரை அவனுக்குத் தெரிந்தது.

முட்டி நடுங்க ஆரம்பித்தது.

இரண்டு நிமிஷம். மூன்று. அதற்கு மேல் இல்லை. எந்தத் தூண் எப்போது முறியும் என்று சொல்வதுதானே அவன் தொழில்.

படியில் சத்தம். வெறுங்கால். தடதடவென்று. வாண்டு.

கடைசிப் படியில் நின்று அவனைப் பார்த்தாள். மூக்கில் வியர்வை. முடியெல்லாம் கலைந்திருந்தது. மாமா எதற்காக இப்படிச் சிலை மாதிரி நிற்கிறார் என்று புரியாமல் சிரித்தாள். தானும் அசையாமல் சிலை மாதிரி நின்று காட்டினாள்.

மேலே ஒருத்தி குறைந்தாள். நல்லது. இவள் வாசலுக்கு ஓடிவிட்டால் போதும். கண்ணால் கதவைக் காட்டினான். உதட்டை அசைத்தான். "போ."

காற்றுதான் வந்தது.

"என்ன மாமா?"

"வெளிய... போ..."

அவளுக்குக் கேட்கவில்லை. கேட்பதற்காகக் கிட்டே வந்தாள். அவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான். தலையை அசைக்க முடியவில்லை. வேண்டாம். வராதே. கிட்டே வராதே. அவள் இன்னும் கிட்டே வந்தாள். அவன் நெற்றி வியர்வையைப் பார்த்தாள். முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. அவளுக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவள் கையை அவன் பிடித்துக்கொள்வான். எத்தனையோ ராத்திரி அப்படி உட்கார்ந்திருக்கிறான். அதே மாதிரி அவள் பக்கத்தில் வந்து நின்று, தொங்கிக்கொண்டிருந்த அவன் கையைத் தன் சின்னக் கையால் பிடித்துக்கொண்டாள்.

கனம் குறைந்தது.

பாதி இல்லை. பாதிக்கும் கொஞ்சம் கம்மி. ஆனால் குறைந்தது. நெஞ்சு விரிந்தது. காற்று உள்ளே வந்தது. எவ்வளவு இனிமையான காற்று. கண்ணை மூடிக்கொண்டான். ஒரு முறை இழுத்தான். இன்னொரு முறை. இப்போது குரல் வரும் என்று தெரிந்தது. கையை உதறு, ஓடு என்று சொல்ல வேண்டிய நேரம் இது.

அவன் இன்னொரு முறை மூச்சை இழுத்தான்.

கண்ணைத் திறந்தபோது வாண்டு அவனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நேரே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை அசையவில்லை. கழுத்தில் நரம்பு இரண்டு பக்கமும் கயிறுபோல் எழும்பியிருந்தது. கீழுதட்டைப் பல்லால் கடித்திருந்தாள்.

"மாமா" என்றாள். காற்றாக வந்தது. "கைய விட்டுடாதீங்க."

"விட்டுட்டு ஓடு" என்றான். குரல் வந்துவிட்டது. கூடம் முழுக்கக் கேட்டது. கையைப் பிரிக்கப் பார்த்தான். அவள் விரல்கள் பிரியவில்லை. ஒவ்வொன்றாக நெம்பினான். பிரியவில்லை. அவள் பாதங்கள் தரையோடு ஒட்டியிருந்தன. இழுத்தான். அவள் அரை அடி நகர்ந்தாள். தலைக்கு மேலே அந்தக் கோடு படாரென்று வாயைத் திறந்தது. ஒரு செங்கல் விழுந்து ஏணிக்குப் பக்கத்தில் தூளாகியது. மறுபடி அவளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான். நின்றது.

"அண்ணா?" என்று மேலிருந்து குரல். "என்ன விழுந்துச்சு? பாப்பா உன்கூடத்தான் இருக்காளா?"

"வராதீங்க" என்று கத்தினான். "ஜன்னல் வழியா குதிங்க. ரெண்டு பேரும். கீழ வராதீங்க."

சொன்ன வார்த்தை சரிதான். ஆனால் அவன் தோள்கள் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தன. மாடித்தரையில் ஓடி வந்த காலடிகள் படியைத் தொட்டதும் அவற்றை எண்ணத் தொடங்கின. ஒன்று. இரண்டு. இரண்டு பேர். அவனால் அதை நிறுத்த முடியவில்லை.

தங்கைதான் முதலில் வந்தாள். பாதிப் படியில் நின்று இருவரையும் பார்த்தாள். அவள் கண் மகளின் முகத்துக்குப் போனது. வேறு எதையும் பார்க்கவில்லை. அண்ணன் கத்துவது அவள் காதில் ஏறவில்லை. மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடி வந்தாள்.

வாண்டு தன் இன்னொரு கையை மெதுவாகத் தூக்கி, அம்மாவை நோக்கி நீட்டினாள்.